நடுவில் ஒரு கடை இல்லாமல்

புக்கிட் தெராப் தோட்டம்,
போர்டிக்சன் சாலை.
4 மார்ச் 2024

மதுமிதாவுக்கு,

நீ அனுப்பிய பெட்டி வெள்ளிக்கிழமை வந்தது. மேலே உன் நிறுவனத்தின் பெயர் அவ்வளவு பெரிதாக இருந்ததால், உள்ளே இருப்பது புது இ-ரீடர் என்பது பிரிக்காமலே தெரிந்தது. பிரிக்கவும் இல்லை. ஒட்டிய டேப் ஒட்டியபடியே இன்று திருப்பி அனுப்புகிறேன்.

நீ போன் செய்கிறாய், நான் எடுப்பதில்லை. போனில் பேசினால் நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவில்லையே அம்மா" என்பாய். எழுத்தில் இருக்கட்டும். தடித்த மார்க்கரில் தடவித் தடவியாவது நானே எழுதுவேன். வாட்ஸ்அப்பும் வேண்டாம். அந்த வெளிச்சத்தில் என் கண்ணில் நீர்தான் வழிகிறது, எழுத்து தெரிவதில்லை.

கண்ணின் நிலை உனக்குத் தெரியும். எதைப் பார்க்கிறேனோ அதன் நடுவில் ஒரு கறை. ஓரங்கள் மட்டும் தெளிவு. அச்சுப் புத்தகம் என் கையை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. உன் அப்பா வாங்கித் தந்த இ-ரீடரில் எழுத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெரிதாக்கி, பக்கத்துக்கு நாலைந்து வரியாகப் படித்துவந்தேன். அவருக்கு ஒரு மெஷின், எனக்கு ஒன்று. இரண்டுக்கும் உன் கடையில் ஒரே கணக்கு. இந்த வீட்டில் எல்லாமே அவர் பெயரில் இருந்தது போல அதுவும் அவர் பெயரில்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீங்கள் எல்லாரும் புறப்பட்டுப் போன பிறகு, ஒரு மத்தியானம் மெஷினைத் திறந்தேன். கணக்கு மூடப்பட்டது என்று ஒரு வரி. அதன் கீழே ஒன்றுமில்லை. அத்தனை புத்தகமும் போயிருந்தது. பக்கத்து வீட்டு ஹேமநாதனை விட்டுக் கடைக்குப் பேசச் சொன்னேன். குடும்ப உறுப்பினர் ஒருவர் கேட்டுக்கொண்டபடி மூடினோம் என்றார்களாம். குடும்ப உறுப்பினர் என்று எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான்.

பெட்டியின் மேல் நீ ஒட்டியிருந்த சீட்டை ஹேமநாதன் மனைவி ரோகினி படித்துச் சொன்னாள். எறும்பு அளவு எழுத்து. இனி நம் வீட்டு விஷயத்தை ரோகினி வாயால் நான் கேட்க வேண்டும் என்று நீ நினைத்தால் அப்படியே எழுது.

ஆவுடையம்மை அருணாச்சலம்


சிங்கப்பூர்
13 மார்ச் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுத்தைப் பெரிதாக்கி அச்சடித்திருக்கிறேன். ஒரு தாளில் ஏழெட்டு வரிதான் வருகிறது. கட்டு கனமாக இருப்பதற்கு அதுதான் காரணம், கோபம் இல்லை. கோபமும் இருக்கிறது, ஆனால் அதற்கு இத்தனை தாள் தேவையில்லை.

ஆமாம், மூடச் சொன்னது நான்தான். அப்பாவின் போன், இன்டர்நெட் லைன், கரண்ட் மீட்டர் பெயர் மாற்றம் என்று ஒவ்வொன்றாக நான் உட்கார்ந்து முடித்தபோது, பக்கத்தில் நின்று "ஒன்றையும் விட்டுவிடாதே" என்றது நீங்கள். அந்த வரிசையில் இதுவும் வந்தது. நான் வேலை செய்வதே வாடிக்கையாளர் கணக்குப் பிரிவில். ஒருவர் இறந்தது தெரிந்த பிறகு அவர் கணக்கை நடக்கவிடக் கூடாது. ஊழியரின் சொந்தக்காரர் என்றால் இன்னும் கண்டிப்பு. தினமும் ஊராருக்கெல்லாம் இதைச் சொல்லிவிட்டு, என் அப்பா விஷயத்தில் மட்டும் நான் தெரியாதது போல இருப்பதா?

அந்தப் புத்தகங்கள் விற்கப்பட்டவை அல்ல, அம்மா. படிக்க அனுமதி தரப்பட்டவை. அனுமதி வாங்கியவரோடு அதுவும் போய்விடும். இந்த விதியை நான் எழுதவில்லை. ஆனால் அதைப் படித்துப் பார்க்காமல் 'சம்மதம்' என்று அழுத்தியது நம் வீட்டு வரவேற்பறையில்தான்.

ஆறாம் வகுப்பில் ஆசிரியர் தப்பாகக் கூட்டி எனக்கு மார்க் அதிகமாகப் போட்டுவிட்டார். நான் சந்தோஷமாக வீட்டுக்கு ஓடி வந்தேன். நீங்கள் கூட்டிப் பார்த்துவிட்டு, சரிசெய்துகொண்டு வா என்று அப்போதே திருப்பி அனுப்பினீர்கள். முதல் இடம் போயிற்று. அதே பெண்தான் இதையும் செய்தாள். இதில் எது உங்களுக்குப் புரியவில்லை?

உங்கள் பெயரில் புதுக் கணக்கு திறந்து, அப்பா வாங்கியதையெல்லாம் மறுபடி வாங்கிப் போட்டுவிடுகிறேன். ஊழியர் சலுகை இருக்கிறது. ஒரு சனிக்கிழமை வேலை. சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

மதுமிதா


புக்கிட் தெராப்
25 மார்ச் 2024

மதுமிதாவுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. ஆனாலும் நானே படித்தேன்.

மார்க் விஷயம் நினைவிருக்கிறது. இன்றைக்கு நடந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன். ஆனால் அன்று உன்னை எதிரே உட்காரவைத்து, கூட்டல் எங்கே தப்பு என்று காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? "அம்மா, இந்தக் கணக்கை மூடப்போகிறேன், இதில் உங்களுடையது ஏதாவது இருக்கிறதா" என்று?

எல்லாவற்றையும் மறுபடி வாங்கித் தருகிறேன் என்கிறாய். புத்தகத்தை வாங்கலாம். உன் அப்பா அதில் எழுதியதை எந்தக் கடையில் வாங்குவாய்?

உனக்குத் தெரியாது, சொல்கிறேன். ஒரு புத்தகத்தை முதலில் அவர் படிப்பார். படிக்கும்போதே அங்கங்கே எனக்குக் குறிப்பு எழுதி வைப்பார். நான் என் மெஷினில் படித்துக்கொண்டே போனால் அந்த இடம் வந்ததும் அவர் எழுதியது தெரியும். அந்த மெஷினில் தமிழில் எழுத வழியில்லை என்பதால் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதுவார். அதுவே எனக்குக் கண்ணராவி. துப்பறியும் கதை என்றால் கொலைகாரன் யார் என்று அத்தியாயத்துக்கு ஓர் ஆளைச் சொல்வார். எப்போதும் தப்பாகத்தான் சொல்வார்.

கடைசியாக ஒரு தேயிலைத் தோட்டத்துக் கொலைக் கதை. அவர் டிசம்பரிலேயே முடித்துவிட்டார். நான் பாதியில் இருந்தேன். "ஆவுடை, இந்த டிஸ்பென்சர்தான் செஞ்சிருக்கான் லா. நல்லாப் பாரு" என்று எழுதியிருந்தார். கதையில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவன்தான் அந்த டிஸ்பென்சர். கொஞ்ச தூரம் தள்ளி, "எந்தக் கிராணி லா எட்டு மணிக்கு ஆபீஸ் தொறப்பான்? இந்த எழுத்தாளர் ஒரு நாள்கூட விடியக்காலப் பெரட்டுக்குப் போய் ஆள் எண்ணினதில்ல" என்று இன்னொன்று. தோட்ட ஆபீஸில் பெரிய கிராணியாக இருந்து, தினமும் விடியலில் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிட்ட மனிதர், வேறு எப்படி எழுதுவார். கான்வென்டில் எங்கள் சிஸ்டர், ஊர்ப் பேச்சில் வாலாக ஒட்டிக்கொள்ளும் இந்த 'லா'வைச் சொன்னவளை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடுவார். நானும் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் சொல்லிப் பார்த்தேன். விடவில்லை.

அந்தப் பாதியில் நிற்கிறேன். மீதியில் அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. உன் விதி அதைத்தான் மூடியது.

உன் கடை எனக்கு வேண்டாம். ஒருவர் கொடுத்து ஒருவர் பறிக்கிற இடத்தில் இனி நான் ஒன்றும் வாங்குவதில்லை. வேறு மெஷின் வாங்குவேன். போன புதன்கிழமை ஹேமநாதன் லோபாக்கில் இருக்கும் தன் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது நானும் காரில் போய், சிரம்பானில் ஒரு மாலில் இறங்கிக் கேட்டேன். அங்கே இருந்த பெண் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஆன்ட்டி, இ-ரீடர்லாம் இப்ப யாரு லா வாங்கறா? டேப்லெட் எடுங்க, படமும் பாக்கலாம்" என்றாள். எனக்குப் படம் வேண்டாம், வெளிச்சம் அடிக்காத திரை வேண்டும், பக்கம் புரட்டப் பொத்தான் வேண்டும், என் விரல் காய்ந்துபோய்த் தொட்டால் எந்தத் திரையும் அசைவதில்லை என்று பொறுமையாகச் சொன்னேன். "அப்ப ஆன்லைன்ல அந்தப் பெரிய கடையில எடுங்க. எல்லாரும் அதான் எடுக்கறாங்க" என்றாள்.

இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் உன் கடையைத்தான் காட்டினார்கள். நாட்டில் வேறு கடையே இல்லையா?

அம்மா


சிங்கப்பூர்
5 ஏப்ரல் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

குறிப்பு விஷயம் எனக்குத் தெரியாது. நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு மெஷின் வழியாகப் பேசிக்கொண்டீர்கள் என்று நான் எப்படி நினைப்பேன்? தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன். எங்கள் பக்கத்தில் விசாரித்தேன். மூடிய கணக்கைத் திறக்க முடியாது. இரண்டு மேலதிகாரிகளிடம் கேட்டுவிட்டேன், இரண்டாமவர் ஏன் கேட்கிறாய் என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

ஒன்று கேட்கிறேன். உங்களுக்குக் கோபம் அந்தக் கடை மேலா, அங்கே நான் வேலை செய்வது மேலா? அப்பா காரியத்துக்கு வந்தவர்களிடம் "என் மகள் சிங்கப்பூரில் ஒரு கடையில் வேலை பார்க்கிறாள்" என்று சொன்னீர்கள். பின்னால் நின்று கேட்டேன். பிரிவுக்குத் தலைவி என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. நீங்கள் ஆசைப்பட்டபடி நான் வக்கீலாகாத குறையை அந்த ஒரு வார்த்தையில் தீர்த்துக்கொண்டீர்கள்.

சரி. வேறு மெஷின்தான் வேண்டும் என்றால், ஏமாறாமல் வாங்குங்கள். மற்ற கம்பெனிகளும் புண்ணியவான்கள் இல்லை. பாதிப் பேருக்குச் சொந்தமாக ஒரு கடை உண்டு, அதற்குள்தான் உங்களை இழுப்பார்கள். பெரிய கூண்டை விட்டு ஓடிச் சின்னக் கூண்டில் மாட்டிக்கொள்வதில் என்ன பெருமை? எந்தக் கணக்கும் கேட்காமல் திறக்கிற மெஷினாக இருக்க வேண்டும். வேறு இடத்தில் வாங்கிய புத்தகத்தைப் போட்டால் படிக்கவிட வேண்டும். போனில் போடுவது போல ஒரு சின்ன மெமரி கார்டு போட இடம் இருந்தால் அதுதான் நல்லது. தமிழ் எழுத்து சரியாக வருகிறதா என்று கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள்.

என் நிறுவனத்துக்கு எதிராக என் அம்மாவுக்கே வழிகாட்டுகிறேன். இதற்கும் ஒரு விதி இருக்கும்.

மதுமிதா


புக்கிட் தெராப்
22 ஏப்ரல் 2024

மதுமிதாவுக்கு,

நீ சொன்னதை ஹேமநாதனிடம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு, கேட்காத மாதிரியே ஒன்றை வரவழைத்துவிட்டான். ஏதோ இணையச் சந்தையில் நல்ல விலைக்குக் கிடைத்ததாம்.

திறந்தால் எல்லாம் சீனத்தில். ரோகினி அழுத்தி அழுத்திப் பார்த்து ஒரு வழியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தாள். உடனே இன்டர்நெட் கொடு என்றது. இந்த வீட்டு லைனைத்தான் நீ நிறுத்திவிட்டாயே. ஹேமநாதன் தன் போனை மெஷின் பக்கத்தில் வைத்துக் கொடுத்தான். கொடுத்தால் கணக்கு திற என்றது, ஈமெயில் கேட்டது, பிறந்த தேதி கேட்டது. நான் பிறந்த தேதி இதற்கு எதற்கு? அதையும் தாண்டி ஒரு தமிழ்ப் பக்கம் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் கட்டம் கட்டமாக. பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன். ஹேமநாதன் முகம் சுருங்கிவிட்டது. அவனிடமும் ஒரு மன்னிப்பு பாக்கி.

இதற்கிடையில் ரோகினி அந்தக் கொலைக் கதையை அச்சில் எங்கிருந்தோ வாங்கிவந்து, நான் படிக்கிறேன் ஆன்ட்டி, நீங்கள் கேளுங்கள் என்றாள். நல்ல மனசுதான். ஆனால் அவள் படிப்பதைக் கேட்பது சாலையில் லாரி போவதைக் கேட்பது போல. மானேஜருக்கும் சமையல்காரனுக்கும் ஒரே குரல். நடுவில் போன் வந்தால் பேசுவாள், பிறகு விட்ட இடத்தைத் தாண்டி ஆரம்பிப்பாள். மூன்றாம் நாள், "கடைசிப் பக்கம் பாத்துட்டேன் ஆன்ட்டி. சொல்லட்டா?" என்றாள். வாயைத் திறக்காதே என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். கையில் புத்தகம் இருக்கிறது. கதையின் முடிவு அதில் இருக்கிறது. ஒரு வரி என்னால் படிக்க முடியவில்லை. நான் சின்ன வயதிலிருந்து யாரையும் எனக்குப் படித்துக் காட்டச் சொன்னதில்லை, மதுமிதா. இப்போது பேங்க் கடிதம், கோயில் நோட்டீஸ், மருந்துச் சீட்டு எல்லாம் அடுத்தவர் வாயால். படிப்பதாவது எனக்கென்று இருக்க வேண்டாமா?

கடை என்று சொன்னதைப் பற்றிக் கேட்டிருந்தாய். சொன்னேன். அன்று யாரிடம் என்ன சொன்னேன் என்று பார்த்துச் சொல்லும் நிலையில் நான் இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அம்மா


சிங்கப்பூர்
4 மே 2024

அம்மா,

அவசரமாக எழுதுகிறேன். போனை எடுத்திருந்தால் இன்றே சொல்லியிருப்பேன்.

அப்பாவின் இ-ரீடர் என்னிடம் இருக்கிறது. காரியம் முடிந்து கிளம்பும்போது அவர் கண்ணாடியோடு அதையும் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். உங்களிடம் கேட்கவில்லை. எதையுமே கேட்கவில்லை, தெரிகிறது. வந்த நாளிலிருந்து அலமாரி டிராயரில் கிடந்தது. நான் எடுக்கும்போதே சார்ஜ் இறங்கி அணைந்திருந்தது. அதற்குக் கணக்கு மூடியது இன்னும் தெரியாது.

வீட்டு லைன் நிற்பதற்கு முன்னால் உங்கள் மெஷின் இன்டர்நெட்டைத் தொட்டதும்தான் காலியானது. இதுவும் தொட்டால் காலியாகிவிடும். போன தீபாவளிக்கு வந்தபோது அப்பா இதை எங்கள் வீட்டு வைஃபையில் சேர்த்திருந்தார். இங்கே சார்ஜ் போட்டு எழுப்பினால் அதுவாகவே போய் ஒட்டிக்கொள்ளும்.

நேற்று வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எழுப்பினேன். உங்கள் மாப்பிள்ளை கிஷன் அடுத்த அறையில் மீட்டிங்கில் இருந்தார். "யாரு லா லைனைக் கட் பண்ணினது?" என்று கத்திக்கொண்டு வந்தவர், என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மெஷின் மெதுவாகத் திறந்தது. முதல் வேலையாக அதன் வைஃபையை அணைத்தேன்.

எல்லாம் இருக்கிறது அம்மா. அப்பா விட்ட பக்கத்திலேயே நிற்கிறது. குறிப்புகள் தனியாக ஒரு கோப்பில் இருக்கின்றன. கேபிள் போட்டு எடுத்துவிடலாம்.

புத்தகங்களை நான் தொடமாட்டேன். அது கடையினுடையது, நான் அங்கே சம்பளம் வாங்குகிறேன். ஆனால் குறிப்பு அப்பா எழுதியது. எங்கள் நிபந்தனைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டேன். அது கடையினுடையது என்று எங்கும் இல்லை.

எடுக்கட்டுமா? இந்தத் தடவை கேட்டுவிட்டுச் செய்கிறேன்.

மது


புக்கிட் தெராப்
17 மே 2024

அன்புள்ள மதுவுக்கு,

எடு. குறிப்பை மட்டும் எடு. புத்தகத்தைத் தொடாதே. உன் அப்பா கொலைகாரனைத் தப்பாகச் சொல்வாரே தவிர, அடுத்தவர் சொத்தை எடுத்தவர் இல்லை. எடுத்ததும் அந்த மெஷினை அணைத்துத் துணியில் சுற்றி வை. கிஷனுக்கு மீட்டிங் கெட்டதற்கு நான் வருத்தப்பட்டதாகச் சொல்.

கேட்காமல் கண்ணாடியை எடுத்துப் போனாய் என்றும் எழுதியிருக்கிறாய். அதை நான் ஒரு மாதம் கட்டிலடியில் தேடினேன்.

மெஷின் வாங்கிவிட்டேன். பெட்டாலிங் ஜெயாவில் புனிதன் என்று ஒருவர் மாடியில் கடை வைத்திருப்பதாக ரோகினியின் தம்பி சொன்னான். முதலில் போனில் விசாரித்தேன். கணக்கு கேட்காத மெஷின் இருக்கிறதா என்று கேட்டதும், "மேடம், இதைக் கேக்கற முதல் ஆள் நீங்கதான்" என்று ஆரம்பித்து, தன் கடை பிறந்த வரலாற்றையே சொன்னார். நடுவில் நிறுத்தி, இருக்கிறதா இல்லையா என்றேன். இருக்கிறது என்றார். ரோகினியைக் கூட்டிக்கொண்டு சிரம்பானில் ரயில் ஏறி, அங்கிருந்து டாக்சியில் போனேன். படி செங்குத்தாக இருந்தது, கைப்பிடியும் ஆடுகிறது.

மெஷினைக் காட்டுவதற்கு முன்னால் உறை வாங்கச் சொன்னார், விளக்கு வாங்கச் சொன்னார், அதற்கென்று ஒரு பேனா வாங்கச் சொன்னார். "வயசானவங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம் மேடம்" என்று ரோகினியைப் பார்த்து விளக்க ஆரம்பித்தார். என்னைப் பார்த்துப் பேசுங்கள், படிக்கப்போவது நான் என்றேன். பிறகு அவர் போனையும் கடை வைஃபையையும் அணைக்கச் சொல்லி, பெட்டியிலிருந்து எடுத்தது முதல் திறந்து காட்டுங்கள் என்றேன். காட்டினார். கணக்கு கேட்டது. 'பிறகு' என்று அழுத்தினால் விட்டுவிட்டது. நம்பாமல் மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னேன். அதற்குள் வேறு இரண்டு பேர் வந்து காத்திருந்து போய்விட்டார்கள். மனிதருக்கு வியர்த்துவிட்டது.

கொஞ்சம் கனமான மெஷின். பக்கம் புரட்ட அரை மூச்சு நேரம் எடுக்கிறது. ஆனால் ஓரத்தில் நிஜப் பொத்தான் இருக்கிறது, கீழே கார்டு போட இடம் இருக்கிறது. தமிழ் எழுத்துருவை நாமே கார்டில் கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாம். ஒரு பத்தி திறந்து காட்டினார். கொம்பு தன் இடத்தில் இருந்தது. கூட ஒரு வெறும் கார்டும் தந்தார், அதை இதோடு அனுப்புகிறேன்.

இப்போது மெஷின் இருக்கிறது, படிக்க அதில் ஒரு வரி இல்லை. அந்தக் கொலைக் கதை உன் கடையைத் தவிர வேறு எங்காவது கிடைக்குமா என்று பார்.

அம்மா


சிங்கப்பூர்
9 ஜூன் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கார்டை அட்டையில் வைத்து டேப் ஒட்டியிருக்கிறேன். நகத்தைவிடச் சின்னது, பிரிக்கும்போது கவனம்.

கதை இருக்கிறது. அந்தப் பதிப்பகமே சென்னையில் தன் இணையப் பக்கத்தில் பூட்டு எதுவும் இல்லாத கோப்பாக விற்கிறது. நம் காசு, நம் புத்தகம், எந்த மெஷினிலும் திறக்கும். என் நிறுவனத்தின் சாப்பாட்டு நேரத்தில், என் நிறுவனத்தின் நாற்காலியில் உட்கார்ந்து, வேறு கடையில் வாங்கினேன்.

அப்பாவின் குறிப்புகளும் இருக்கின்றன. ஆங்கில எழுத்தில் இருந்தால் உங்களுக்குக் கண்ணராவி என்று எழுதியிருந்தீர்கள். அதனால் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் நானே தட்டச்சு செய்தேன். எவ்வளவு எழுதியிருக்கிறார் அம்மா! பேச்சாகவும் அரைகுறையாகவும் இருந்ததை ஒழுங்கு செய்து, நீங்கள் தப்பு சொல்லாதபடி நல்ல தமிழில் ஆக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றின் தலையிலும் தேதியும் நேரமும் ஓடியது, படிக்க இடைஞ்சல் என்று எடுத்துவிட்டேன்.

கார்டில் மூன்றாவதாக ஒரு கடிதம். அதைத் தாளில் எழுதவில்லை. எழுத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் ஆக்கி, கதவைச் சாத்திக்கொண்டு நீங்களே படிக்கலாம். ரோகினிக்கும் தெரியாது, எந்தக் கடைக்கும் தெரியாது.

மது


புக்கிட் தெராப்
24 ஜூன் 2024

மது,

கார்டு வந்தது. ரோகினி பிரித்துத் தர வந்தாள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். டேப்பைக் கிழிக்கும்போது கார்டு தரையில் விழுந்தது. முட்டி போட்டுக் கையால் துழாவித் தேடி எடுத்தேன். அவளைக் கூப்பிடவில்லை.

முதலில் உன் கடிதத்தைத்தான் திறந்தேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்ற பேச்சை எடுத்துவிடு. நீ விட்டால் அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி உட்கார்ந்து வேறு ஒரு கிழவியின் புத்தகத்தை மூடுவாள். உள்ளே இருந்து உன் மேலதிகாரிகளுக்கு எழுது. கணக்கை மூடுமுன் இதில் வேறு யாராவது படிக்கிறார்களா என்று ஒரு கேள்வி கேட்கச் சொல். நேற்று கோயிலில் ரவிச்சந்திரன் மாஸ்டர் உன்னைப் பற்றி விசாரித்தார். பெரிய நிறுவனத்தில் பிரிவுத் தலைவி என்றேன். என்ன பிரிவு என்று கேட்டார், அதைச் சொல்லவில்லை. மற்றதற்குப் பதிலை எழுதமாட்டேன்.

கதையை முடித்தேன். ஓர் அத்தியாயம் கதை, பிறகு அதற்கான அவர் குறிப்பு என்று மாறி மாறித் திறந்து படித்தேன். டிஸ்பென்சரை விட்டுச் சமையல்காரன் என்றார், அவனை விட்டு மானேஜரின் மைத்துனன் என்றார். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் டிரைவர் என்று எழுதியிருக்கிறார். டிரைவர்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியாகச் சொல்லியிருக்கிறார், அதை ஒப்புக்கொள்ள எனக்கு எதிரே ஆள் இல்லை.

ஆனால் எனக்குச் சந்தேகம். கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் பின்னால் வந்து எழுதினாரோ என்னவோ. செய்யக்கூடியவர்தான். தேதியையும் நேரத்தையும் பார்த்தால் தெரிந்திருக்கும். அதைத்தான் நீ இடைஞ்சல் என்று எடுத்துவிட்டாயே.

இன்னொன்று. "ஆவுடை, இதைச் செய்தவர் டிஸ்பென்சர் என்று நினைக்கிறேன். கவனமாகப் பார்" என்று இருக்கிறது. யார் இந்த மனிதர்? இவரோடு நான் ஒரு நாளும் குடித்தனம் நடத்தவில்லை. பெரட்டைப் பற்றி எழுதியதைத் தேடினேன், "அலுவலகம் திறக்கும் நேரம் பொருத்தமாக இல்லை" என்று இருக்கிறது. தட்டச்சில் ஓர் எழுத்துப் பிழை இல்லை, நன்றாகச் செய்திருக்கிறாய், உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் வளர்த்தபடிதான் வளர்ந்திருக்கிறாய். முதல் தடவை முறைப்படி மூடினாய், இந்தத் தடவை முறைப்படி திருத்தினாய். இரண்டு தடவையும் அவர் காணாமல் போய்விட்டார்.

அந்த 'லா' எல்லாம் எங்கே? ஒன்று விடாமல் திருப்பிப் போடு. தப்பையும் திருப்பிப் போடு, நேரத்தையும் போடு. ஆங்கில எழுத்திலேயே இருந்தாலும் பரவாயில்லை, பொறுத்துக்கொள்வேன்.

கார்டைத் தபாலில் போடாதே, மறுபடி முட்டி போட என்னால் ஆகாது. அவர் மெஷினையே எடுத்துக்கொண்டு நீ வா. வந்து அவர் எழுதியதை எழுதியபடியே எனக்குப் படித்துக் காட்டு, 'லா'வோடு. வழியில் எங்கும் திறக்காதே. இங்கே வந்து திற. இந்த வீட்டில் இன்டர்நெட் கிடையாது, நீதான் மூடினாய். அதனால் அந்த மெஷினுக்கு இதைவிடப் பத்திரமான இடம் வேறு இல்லை.

கண்ணாடியையும் கொண்டு வா.

அம்மா